பச்சையாகச் சாப்பிடலாமா?



அடுப்பே வேண்டாம், எல்லாவற்றையும் பச்சையாகத் தின்றால் நோயே வராது என்று சிலர் சொல்கிறார்கள். இது சரிதானா?

காந்தியடிகளே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அது 1929ஆம் ஆண்டு. அவருக்கு அறுபது வயது நெருங்கிய நேரம். சமைத்த உணவை நிறுத்தினார். முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம் பருப்பு, பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன். இவைதான் சாப்பாடு. பால் கிடையாது. ஆசிரமத்தில் சிலரும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள்.

சில மாதங்களுக்கு மேல் தாங்கவில்லை. உடம்பு இளைத்தது. சீதபேதி வந்தது. காந்தியடிகள் ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். நடந்ததை மறைக்காமல் எழுதினார். யாருக்கு வரும் அந்த மனசு! ஆனாலும் பச்சைக் காய்கறியை அவர் வெறுத்துவிடவில்லை. கொஞ்சம் காயும் கீரையும் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது என்றே பின்னாளிலும் சொன்னார்.

அதில் நியாயம் உண்டு. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது. நெருப்பில் வைத்தால் அது குறையும். வெள்ளரி, கேரட்டைப் பச்சையாகத் தின்றால் மலச்சிக்கல் குறையும்.

மரவள்ளிக் கிழங்கு அப்படியில்லை. பச்சையாகத் தின்றால் அதில் உள்ள விஷம் உயிருக்கே ஆபத்து. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ராஜ்மா போன்ற பயறும் அரைவேக்காடாக இருந்தால் வாந்தி பேதி வரும். மீனையும் முட்டையையும் வேகவைத்தே சாப்பிடுங்கள்.

நம் ஹேடோ துறைமுகத்துக்குச் சென்னையிலிருந்து கப்பல் வருவதற்கு மூன்று நாள் போல ஆகும். அப்படிக் கடல் தாண்டி வரும் முட்டைக்கோஸ் எத்தனை கை, எத்தனை மூட்டை பார்த்திருக்கும்! விளைந்த தோட்டத்தில் சாக்கடைத் தண்ணீர் பாய்ந்திருந்தால், நாடாப்புழு முட்டை இலையில் ஒட்டியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. அது வயிற்றுக்குள் போனால், புழுவின் குஞ்சு மூளைக்கும் போகும். வலிப்பு வரும்.

ஆகவே மேல் இலைகளை எடுத்து எறியுங்கள். மீதியை ஒவ்வொரு இலையாக நல்ல தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். சந்தேகமாக இருந்தால் வேகவைத்துவிடுங்கள். மீன் அரிந்த கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். அரிந்த காயை ஈ மொய்க்க வைக்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பச்சைக் காயை மட்டுமே நம்பக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றக் கூடாது.

பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.