டக்ளஸ் குடும்பத்தின் போர்ப்பணி
அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு தந்தையும் மூன்று மகன்களும்

1. போரும் குடியுரிமையும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வட மாநிலங்களின் ஒன்றியப் படையில் சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினர். கடற்படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 19,000 பேர். இவர்களுள் சுமார் 40,000 பேர் உயிரிழந்தனர். போர்க்களத்தில் மாண்டவர்களைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம். போர் தொடங்கியபோது கறுப்பினத்தவருக்குத் தரைப்படையில் இடமில்லை. 1792ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டம் வெள்ளையரை மட்டுமே படைக்கு அழைத்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்லர் என்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே கறுப்பின மனிதர் ஒருவர் ராணுவ உடை அணிவது, தானும் இந்நாட்டின் குடிமகனே என்று நாடறியச் சொல்வதாகும். இந்த உண்மையை முதலிலேயே உணர்ந்து, அதற்காகத் தன் பிள்ளைகளையே களத்துக்கு அனுப்பியது, அடிமைமுறை எதிர்ப்பாளர் ஃபிரெடரிக் டக்ளஸின் குடும்பம்.

2. குடும்பம்

ஃபிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்து மாநிலத்தில் 1818 அளவில் அடிமையாகப் பிறந்தார். 1838 செப்டம்பரில் தப்பி வடக்கே வந்தார். அவர் தப்பிக்கப் பணம் கொடுத்து உதவியவர் பால்டிமோரில் வீட்டுவேலை செய்துவந்த ஆன்னா மர்ரே. ஆன்னா அடிமையல்லாத சுதந்திரப் பெண். அதே மாதம் இருவரும் நியூயார்க்கில் மணம் செய்துகொண்டு, மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்ட் நகரில் குடியேறினர். ரோசெட்டா (1839), லூயிஸ் (1840), ஃபிரெடரிக் இளையவர் (1842), சார்லஸ் (1844), ஆன்னி (1849) என ஐந்து பிள்ளைகள். கடைக்குட்டி ஆன்னி 1860இல் இறந்துபோனாள்.

1847இன் இறுதியில் டக்ளஸ் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ‘நார்த் ஸ்டார்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பிள்ளைகள் அச்சுக்கோக்கவும் பத்திரிகையை மடித்து அனுப்பவும் கற்று வளர்ந்தார்கள். தெற்கிலிருந்து தப்பி கனடாவுக்குச் செல்லும் அடிமைகளுக்கு டக்ளஸின் வீடு தங்குமிடமாக இருந்தது. டக்ளஸ் அடிமைமுறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசச் சென்ற காலங்களில் வீட்டைத் தாங்கியதும், நள்ளிரவில் வந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் தந்ததும் ஆன்னாதான். அடிமைமுறை என்றால் என்ன என்பதை இப்பிள்ளைகள் தந்தையின் பேச்சிலிருந்து மட்டும் அறியவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றவர்களின் முகங்களிலும் கண்டார்கள்.

3. படை திரட்டல்

1861 ஏப்ரலில், ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலத்தார் (தென்னவர்) சம்டர் கோட்டையைத் தாக்கிப் போர் தொடங்கிய நாள் முதலாகவே, அடிமைகளை விடுவிக்க வேண்டும், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று டக்ளஸ் எழுதிவந்தார். குடியரசுத் தலைவர் லிங்கனின் அரசு ஏறத்தாழ இரண்டாண்டுகள் தயங்கியது. 1863 ஜனவரி 1 அன்று வெளியான விடுதலைப் பிரகடனம், கறுப்பினத்தவரைப் படையில் ஏற்பதாக அறிவித்தது. அம்மாத இறுதியில் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவுக்குப் படைப்பிரிவு ஒன்றைத் திரட்ட அனுமதி கிடைத்தது. அதுவே 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படை.

மாசசூசெட்ஸில் கறுப்பின மக்கள் சிறு தொகையினராகவே இருந்ததால் வெளி மாநிலங்களிலும் ஆள் திரட்ட வேண்டியிருந்தது. அப்பணியை நடத்திய ஜார்ஜ் ஸ்டெர்ன்ஸ் டக்ளஸை அணுகினார். 1863 மார்ச்சில் டக்ளஸ், தாம் அப்போது நடத்திவந்த மாத இதழில் படைக்கு அழைப்பு விடுத்து, நியூயார்க் மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தார். அம்மாநிலத்தில் முதலில் பெயர் கொடுத்தவர் 18 வயது சார்லஸ். 22 வயது லூயிஸும் அம்மாதமே சேர்ந்தார். பிறர் பிள்ளைகளை அழைக்கும் முன் தம் பிள்ளைகளை அனுப்பியதால் டக்ளஸின் அழைப்புக்கு மதிப்பு இருந்தது. நடு மகன் ஃபிரெடரிக் துப்பாக்கி ஏந்தவில்லை. மிசிசிப்பி ஆற்றுப் பகுதிக்குச் சென்று படைக்கு ஆள் திரட்டினார்.

பாஸ்டனை அடுத்த ரெட்வில்லில் பயிற்சி நடந்தது. படைத்தலைவர் கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா உட்பட அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையர். கறுப்பினத்தவருக்கு அதிகாரிப் பதவி மறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலை சார்ஜண்ட் மேஜர். அந்நிலை லூயிஸுக்குக் கிடைத்தது. 1863 மே 28 அன்று படைப்பிரிவு பாஸ்டன் வீதிகளில் அணிவகுத்துச் சென்று கப்பலேறியது. வழியனுப்ப டக்ளஸும் வந்திருந்தார். நோயுற்றிருந்த சார்லஸ் முகாமிலேயே தங்க நேர்ந்தது.

4. வாக்னர் கோட்டை

தெற்கே சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் உள்ள மாரிஸ் தீவில் தென்னவர் கட்டிய மணற்கோட்டை வாக்னர். ஒருபுறம் கடல், மறுபுறம் சதுப்பு நிலம். இடையில் கிடந்த குறுகிய மணல்வெளியே கோட்டைக்கு வழி. 1863 ஜூலை 18 அன்று பகல் முழுதும் ஒன்றியப் படை அதைப் பீரங்கியால் தாக்கியது. கோட்டைக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பதுங்கறைகளில் தப்பியிருந்தனர். அந்தி மயங்கும் வேளையில் 54ஆவது படைப்பிரிவு முன்னணியில் நின்று பாய்ந்தது. இரண்டு நாள் முன்புதான் ஜேம்ஸ் தீவில் அது தன் முதல் சண்டையைக் கண்டிருந்தது.

வீரர்கள் குண்டுமழையினூடே கோட்டைச் சுவரின் மேல் ஏறிவிட்டார்கள். ஆனால் நிலைத்து நிற்க முடியவில்லை. ஷா சுவர்மேல் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 600 பேரில் 270க்கு மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது பிடிபட்டனர். தென்னவர் ஷாவின் உடலை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தனர். லூயிஸ் சுவர் வரை சென்று உயிரோடு திரும்பினார். அவருடைய வாளுறையைக் குண்டு பெயர்த்துச் சென்றிருந்தது. இரண்டு நாள் கழித்து, தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அமீலியா லோகனுக்கு எழுதிய கடிதத்தில், வீழ்ந்த தோழர்களைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்ட கறுப்பின வீரர் ஒரு லட்சம் பேர் இருந்தால் போரையே முடித்துவிடலாம் என்றும் எழுதினார். தாக்குதல் தோற்றது. ஆனால் கறுப்பினத்தவர் நின்று போரிடுவார்களா என்று வடக்கே பலருக்கு இருந்த ஐயம் அத்தோடு தீர்ந்தது.

5. சம்பளமும் பாதுகாப்பும்

படையில் சேர்ந்தபோது இவ்வீரர்களுக்கு மற்றவர்களுக்கு இணையான சம்பளம் வாக்களிக்கப்பட்டிருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு அரசு ஒதுக்கியது 10 டாலர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்துக்கொண்டு 7 டாலரே கையில் தரப்பட்டது. 54ஆவது படைப்பிரிவு அதை வாங்க மறுத்தது. மாசசூசெட்ஸ் அரசு குறையும் தொகையைத் தானே தர முன்வந்தபோதும் வீரர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது தேசிய அரசு தங்களைச் சமமான வீரர்களாக ஏற்பதையே. ஊரில் குடும்பங்கள் வறுமையில் வாட, ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளமின்றியே போரிட்டார்கள்.

உயிருக்கு இருந்த ஆபத்தும் இருமடங்கு. பிடிபடும் கறுப்பின வீரர்களைப் போர்க் கைதிகளாக நடத்தாமல், கிளர்ச்சி செய்த அடிமைகளாகத் தண்டிக்கப்போவதாகத் தென்னக அரசு அறிவித்திருந்தது. இதற்கு எதிராக லிங்கன் 1863 ஜூலை 30 அன்றுதான் ஆணை பிறப்பித்தார். அதற்கு முந்தைய நீண்ட மௌனத்தால் மனம் நொந்த டக்ளஸ், ஆகஸ்ட் 1 அன்று ஸ்டெர்ன்ஸுக்குக் கடிதம் எழுதிப் படை திரட்டும் பணியிலிருந்து விலகினார்.

ஆகஸ்ட் 10 அன்று அவர் வெள்ளை மாளிகையில் லிங்கனை முதன்முறையாகச் சந்தித்தார். சமச் சம்பளம், கைதிகளுக்குப் பாதுகாப்பு, தகுதிக்கேற்ற பதவி உயர்வு ஆகிய மூன்றையும் கேட்டார். சம்பளம் காலப்போக்கில் சமமாகும் என்றும், போர்த்துறைச் செயலர் பரிந்துரைக்கும் பதவி நியமனங்களில் கையெழுத்திடுவதாகவும் லிங்கன் சொன்னார். டக்ளஸுக்கே அதிகாரிப் பதவி தருவதாகப் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் வாக்களித்தார். அதை நம்பி டக்ளஸ் தம் மாத இதழை நிறுத்தினார்; நியமன ஆணை வரவே இல்லை. சமச் சம்பளச் சட்டம் 1864 ஜூனில் நிறைவேறி, பழைய பாக்கியும் அவ்வாண்டே 54ஆவது படைப்பிரிவின் கைக்கு வந்தது.

6. போரின் பிற்பகுதி

சார்லஸ் 1864இல் 5ஆவது மாசசூசெட்ஸ் குதிரைப்படைக்கு மாற்றப்பட்டு முதல்நிலை சார்ஜண்ட் ஆனார். தந்தை அடிமையாய் இருந்த மேரிலாந்தில், பாயின்ட் லுக்அவுட் என்ற இடத்தில், தென்னகப் போர்க் கைதிகளைக் காக்கும் பொறுப்பு அப்படைக்கு வந்தது. ஆனால் சார்லஸின் உடல்நிலை மீளவில்லை. 1864 ஆகஸ்டில் டக்ளஸ் லிங்கனுக்கு எழுதி மகனின் விடுவிப்பைக் கேட்டார்; லிங்கன் இசைந்தார். நோயால் தளர்ந்த லூயிஸும் அவ்வாண்டே படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ரோசெட்டாவின் கணவர் நேதன் ஸ்ப்ரேக், முன்னாள் அடிமை, 1864இல் அதே 54ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார்.

7. போருக்குப் பின்

1865இல் போர் முடிந்தது. அடிமைமுறை அரசியல் சட்டத்திருத்தத்தால் ஒழிந்தது. 1868, 1870ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் குடியுரிமையையும் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையையும் தந்தன. ஆனால் போர்வீரராய் இருந்தவர்களுக்கும் அன்றாட வாழ்வில் சமத்துவம் எளிதில் கிட்டவில்லை. 1869இல் அரசு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த லூயிஸை அச்சுத் தொழிலாளர் சங்கம் உறுப்பினராக ஏற்க மறுத்தது. சகோதரர்கள் தந்தையோடு சேர்ந்து வாஷிங்டனில் ‘நியூ நேஷனல் ஈரா’ பத்திரிகையை நடத்தினர். 1890களில் கடற்கரை உணவகம் ஒன்றில் சார்லஸுக்கும் மனைவிக்கும் இடம் மறுக்கப்பட்டது. அவர் மேரிலாந்தில் கடலோர நிலம் வாங்கி, கறுப்பின மக்களுக்கென ஹைலண்ட் பீச் என்ற குடியிருப்பை உருவாக்கினார்.

ஆன்னா 1882இலும், இளைய ஃபிரெடரிக் 1892இலும், தந்தை 1895இலும், லூயிஸ் 1908இலும், சார்லஸ் 1920இலும் மறைந்தனர். களத்தில் எதிரியோடும், தலைநகரில் தம் அரசோடும் இக்குடும்பம் நடத்தியது ஒரே உரிமைப் போராட்டம். வாக்னர் கோட்டையின் சுவரில் ஏறியதும், 7 டாலரை மறுத்ததும் அதன் இரு பகுதிகளே. சட்டத்திருத்தங்கள் தந்த குடியுரிமைக்குப் பின்னால், இத்தகைய ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உழைப்பும் இழப்பும் இருக்கின்றன.