மார்பில் கட்டியா? பேர் தெரியாமல் முடிவு எடுக்காதீங்க



கங்கைகொண்டான் வெயிலில் வயக்காட்டிலும் சிப்காட்டிலும் வேலை பார்க்கிற உங்களுக்கு வியர்வையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வியர்வைச் சுரப்பியிலும் கட்டி வரும், அபூர்வமாக அது மார்பிலும் வரும் என்பது பலருக்குத் தெரியாது. அதிகமாக வியர்ப்பதால் வருவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

இந்த வகைக் கட்டிகளில் ஒன்றுக்கு நாடுலர் ஹைட்ரடினோமா என்று பேர். இது புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் மெதுவாக வளரும். மார்பில் வந்தால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பக்கம் தோலை ஒட்டி இருக்கலாம். சிலருக்கு நீர் கசியும்.

சிக்கல் எங்கே என்றால், தொட்டுப் பார்த்து இதையும் புற்றுநோயையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனில் பாதி நீரும் பாதி சதையுமாகத் தெரியும். அதுவும் சந்தேகத்தைக் கிளப்பும். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனையில்கூடக் குழப்பம் வரலாம். "ஒண்ணுமில்ல"ன்னு விட்டது புற்றுநோயாக இருந்தால் உயிருக்கு ஆபத்து. சாதாரணக் கட்டியைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டால், தேவையில்லாமல் மார்பையே இழக்க நேரும்.

அதனால் மூன்று படி. முதலில் மருத்துவர் கையால் பரிசோதிப்பார். அடுத்து அல்ட்ராசவுண்ட், வயதைப் பொறுத்து மேமோகிராம். மூன்றாவது பயாப்சி: மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன சதைத் துணுக்கு எடுப்பார்கள். நோய்க்குறியியல் மருத்துவர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். தேவைப்பட்டால் சிறப்புச் சாயச் சோதனையும் செய்வார். சில நேரம் கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்த பிறகுதான் பேர் உறுதியாகும். "ஊசி குத்தினா பரவிடும்" என்ற பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடாதீங்க.

ஹைட்ரடினோமா என்று உறுதியானால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு கட்டியை முழுசா எடுப்பதே சிகிச்சை. மிச்சம் விட்டால் திரும்ப வரலாம். மிக அபூர்வமாகப் புற்றாகவும் மாறலாம். அதனால் பிறகும் மருத்துவர் சொல்லும் நாளில் போய்க் காட்டணும்.

எங்கே போவது? 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். கட்டி தட்டுப்பட்டால் எந்த வயதானாலும் போங்க. மேல் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் கேட்க 104-க்குப் போன் பண்ணலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பற்றிக் கேட்க 1800 425 3993. அட்டைக்கு வருமானச் சான்று வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

கையில் இருக்கிற செல்போனை இதற்குப் பயன்படுத்துங்க: ஸ்கேன், பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்க. வேறு மருத்துவரிடம் காட்டும்போது பயாப்சி ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் போங்க. கட்டியின் படத்தைக் குரூப்பில் போட்டு யோசனை கேட்க வேண்டாம்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்க: "பயாப்சி பண்ணியாச்சா? ரிப்போர்ட்டில என்ன பேர் போட்டிருக்கு?" அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.