இருபத்தொன்று முடியும் முன்பே
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 19-ல் வந்த ஜனாதிபதி பிரகடனத்துக்குப் பின் எல்லோர் வீட்டிலும் ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றியே பேச்சு. அது வெளியிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் ஆள் எடுக்கும் நிறுவனம் கட்ட வேண்டியது. ஏற்கெனவே அங்கே அந்த விசாவில் இருப்பவர்களின் புதுப்பித்தலுக்குப் பொருந்தாது என்று அரசே விளக்கிவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, சத்தமில்லாமல் வந்த வேறொரு மாற்றம்தான் நம் பேரக்குழந்தைகளைத் தொடுகிறது.

முதலில் கணக்கு. 1990-ம் வருஷச் சட்டப்படி, வேலை அடிப்படையில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதம், அதாவது 9,800. மனைவியும் குழந்தைகளும் இதற்குள்ளேயே அடக்கம். பிற நாட்டார் எடுக்காமல் மிஞ்சுவது சில வருஷம் நமக்கு வரும். ஆனாலும் வரிசை நகர்வதில்லை. 2025 அக்டோபரில் இந்தியர்களுக்கான இரண்டாம் வேலைப் பிரிவு 2013 ஏப்ரல் 1-ம் தேதியில் நின்றது. 2013-ல் எட்டு வயதாயிருந்த குழந்தைக்கு 2025-ல் இருபது.

சட்டத்தில் குழந்தை என்றால் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாதவர். 21 ஆனதும் எச்-4 விசா முடிகிறது. பெற்றோரின் விண்ணப்பத்தில் இருந்த இடமும் போகிறது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். அங்கே பிறந்த தம்பி குடிமகன். சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாகப் போன அக்கா அந்நியர்.

இதற்கு நிவாரணமாக 2002-ல் ஒரு சட்டம் வந்தது. விசா எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து, நிறுவனம் போட்ட மனு நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்கலாம். வயது 21 வருஷம் 4 மாதம், மனு நிலுவை 6 மாதம் என்றால் விடை 20 வருஷம் 10 மாதம். குழந்தை தப்பித்தது. அவசரக் கட்டணம் கட்டிச் சில வாரத்தில் மனுவை முடித்தவர்களுக்குக் கழிக்க அந்தச் சில வாரமே உண்டு! எண் கிடைத்தபின் ஒரு வருஷத்துக்குள் கிரீன் கார்டுக்கு முயற்சி எடுக்கவும் வேண்டும்.

விசா எண் கிடைத்த நாள் எது? மாதாமாதம் வரும் புல்லட்டினில் இரண்டு பட்டியல்கள் உண்டு: விண்ணப்பிக்கும் தேதி, இறுதி முடிவுத் தேதி. 2023 பிப்ரவரியில், முன்னால் ஓடும் விண்ணப்பத் தேதியைக் கொள்ளலாம் என்றார்கள். 2025 ஆகஸ்டு 15 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு மீண்டும் இறுதித் தேதிதான். அக்டோபரில் இரண்டுக்கும் இடையே எட்டு மாத வித்தியாசம். நாம் ஜாதகத்துக்கு நாழிகை பார்க்கிற மாதிரி, அங்கே நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டு மாதத்தில் எத்தனை குழந்தைகள் எல்லையைத் தாண்டிவிடும்!

இங்கே இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, குழந்தைக்குப் பதினெட்டு நடக்கும்போதே இந்தக் கணக்கை நல்ல வக்கீலிடம் போடச் சொல்லுங்கள். இருபதில் கேட்டால் வழி குறைவு.

இரண்டு, இங்கே பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நாமகரணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் பதிந்து, பெயர் சேர்க்காமல் விட்டவை ஏராளம். மாநகராட்சிக்கு நடப்பது நம்மால் முடிந்த காரியம். அங்கிருந்து அவர்களால் முடியாது.

மூன்று, இங்கே வந்து படிப்பதும் ஒரு வழி என்று இப்போதே பேச்சில் வையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் கையில் உள்ள குழந்தைக்கு இது அந்நிய தேசமல்ல. கடைசி நேரத்தில் சொன்னால் அது தண்டனையாகத் தோன்றும்.

நான்கு, ஞாயிற்றுக்கிழமை போனில் "கிரீன் கார்டு என்னாச்சு?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அவர்கள் கையில் இல்லாத பதிலைக் கேட்பதால் யாருக்கும் லாபமில்லை. "குழந்தைக்கு எப்போது இருபத்தொன்று முடிகிறது?" என்று ஒருமுறை கேளுங்கள், போதும்.