பதிவுக்கும் வருகைக்கும் நடுவே

இன்று பொறுப்பேற்றிருக்கும் மாணவத் தலைவர்களே,

சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறீர்கள். பார்க்கவே பெருமையாக இருக்கிறது. வாழ்த்துகிறேன். வாழ்த்தோடு ஒரு கேள்வியும் கேட்கிறேன். நாளைக் காலை மணி அடித்ததும் நீங்கள் செய்யப்போகும் முதல் வேலை என்ன?

லீடர் என்றதும் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் காட்சி ஒன்று உண்டு. ஆசிரியர் வெளியே போவார். லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு இடுவார். பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. உயிர் நண்பன் பேசினால் லீடருக்குக் காது கேட்காது. நேற்றுப் பேனா தர மறுத்தவன் பெயரோ, அவன் வாயைத் திறக்காமலே ஏறிவிடும். அதிகாரம் கைக்கு வந்தால் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கலாம் என்ற பாடத்தை நம் பிள்ளைகள் அந்தக் கரும்பலகையில்தான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். அந்தப் பாடத்தை இந்தப் பள்ளியில் இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சில இடங்களில் லீடர் கையில் பிரம்பையும் கொடுத்துவிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆவது பிரிவில், குழந்தையை அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் தடை செய்கிறது. ஆசிரியருக்கே இல்லாத அதிகாரம் ஒன்பதாம் வகுப்புத் தம்பிக்கு எங்கிருந்து வரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளையை முட்டி போடச் சொல்ல எந்த பேட்ஜுக்கும் உரிமை கிடையாது.

அப்படியென்றால் லீடருக்கு என்னதான் வேலை? அதே கரும்பலகையின் மேல் மூலையைப் பாருங்கள். தினமும் காலையில் அங்கே இரண்டு எண்களை எழுதுகிறீர்கள். பதிவு 42, வருகை 39. எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறோம். நான் சொல்கிறேன், உங்கள் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மூன்று பேர் யார்? ஏன் வரவில்லை?

ஒருவனுக்குக் காய்ச்சல், நாளைக்கு வந்துவிடுவான். இன்னொருவன் அப்பாவுக்குத் துணையாக வேலைக்குப் போயிருக்கிறான், இந்த வாரம் முழுக்க வரமாட்டான். மூன்றாவது ஒரு தங்கை. மாதத்தில் சில நாள் அவள் வருவதில்லை, ஏனென்றால் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராது. ஆசிரியருக்கு இது எப்போது தெரியும்? மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போது. பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்கோ அன்றைக்கே தெரியும். ஒரு வீட்டில் பாத்திரம், பட்டுச்சேலை என்று பேச்சு அடிபட்டால், பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் முடிவாகிறது என்பதும் தெருவில் முதலில் உங்கள் காதில்தான் விழும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். இரண்டையும் எல்லாருடைய நோட்டின் முதல் பக்கத்திலும் எழுத வையுங்கள்.

வராமல் போகும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது நாங்குநேரியில் நடந்ததைப் பேசாமல் தாண்டிப் போக என்னால் முடியாது. 2023 ஆகஸ்டில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அரிவாள் அன்று இரவு திடீரென்று முளைத்துவிடவில்லை. அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் தொல்லை இருந்தது. அந்தப் பையன் வகுப்புக்கு வராமலே நின்றுபோனான். பதிவில் அவன் பெயர் இருந்தது, வருகையில் இல்லை. நான் அந்த வகுப்புப் பிள்ளைகள் மேல் பழி போடவில்லை. பார்த்ததைச் சொல்லலாம், சொன்னால் பெரியவர்கள் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது. அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும். பள்ளியின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் 'மகிழ் முற்றம்' என்ற திட்டமும் அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் சேர்ந்து ஜெயிக்கவும் தோற்கவும் இது வழி செய்கிறது. அணித் தலைவர்களே, உங்கள் அணிக்குள் யார் யாரோடு சாப்பிட உட்காருகிறார்கள், கபடிக்கு ஆள் எடுக்கும்போது யாரைக் கடைசிவரை கூப்பிடுவதில்லை என்று கவனியுங்கள். அந்தக் கடைசிப் பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள். இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

'போட்டுக் கொடுக்கிறான்' என்று பெயர் வந்துவிடுமே என்று நீங்கள் தயங்குவீர்கள். நியாயமான பயம்தான். ஒருவனை மாட்டிவிட்டு நல்ல பெயர் வாங்கப் போனால் அது போட்டுக் கொடுப்பது. அடிபடுகிற ஒருவனுக்காக ஆசிரியரிடம் போய் நின்றால் அது துணை. உங்கள் மனசாட்சிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

அடுத்தது கணக்கு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாகச் சொல்கிறது. அது நிலமும் குலமும் பார்த்த பிராமணர் சபை. எளியவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் கிடையாது. அதை நாம் தள்ளுவோம். ஆனால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது என்று அவர்கள் கல்லில் வெட்டி வைத்தார்களே, அதை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த ஃபேன் ஓடவில்லை, யாரிடம் சொன்னோம், எப்போது சரியானது என்று தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒரு முறை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை வாசியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வள்ளுவர், ஆளைத் தேர்ந்தெடுக்கத் 'தெரிந்து தெளிதல்' என்றும், அவரிடம் வேலையை ஒப்படைக்கத் 'தெரிந்து வினையாடல்' என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார். நாமோ முதல் மதிப்பெண் யார் என்று பார்த்து ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் வாய்ப்புக் கொடுங்கள். பெண் பிள்ளைகளை எப்போதும் துணைத் தலைவியாகவே நிறுத்திவிடாதீர்கள். டீ வாங்கி வரவும் பாட நேரத்தில் சுற்றறிக்கை கொண்டு போகவும் லீடரை அனுப்பாதீர்கள். முக்கியமாக, ஒரு பிள்ளை வந்து ஒன்று சொன்னால், சொன்னது யார் என்பது வெளியே தெரியாமல் காப்பாற்றுங்கள்.

பெற்றோர்களே, இந்த வேலையெல்லாம் படிப்பைக் கெடுத்துவிடுமோ என்று கவலைப்படுகிறீர்கள். நாலு பேரிடம் பேசிப் புரிய வைக்கவும், சண்டையை விலக்கவும், தப்பைத் தப்பென்று சொல்லவும் கற்றுக்கொள்கிற பிள்ளை வாழ்க்கையில் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். தைரியமாக அனுப்புங்கள்.

மாணவத் தலைவர்களே, அடுத்த ஆண்டு புதியவர்களுக்கு பேட்ஜ் குத்தும் நாளில் நீங்கள் இந்த மேடையேறி, அந்த நோட்டைப் பார்த்து எங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எத்தனை கோப்பை வாங்கினீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேரைத் திரும்ப அழைத்து வந்தீர்கள் என்று கேட்போம். நாங்கள் வாங்கித் தருவதாகச் சொன்னது எது, தராமல் விட்டது எது என்று நீங்களும் எங்களைப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.