மண் ரோட்டுக்கு ஒரு டிரெய்லர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு அனுபவம் பற்றி ஏதாவது பேசுங்க" என்றார் செயலாளர். சம்பளம், விசா பற்றியெல்லாம் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கிறேன். அங்கே 2021-ல் நானே வடிவமைத்துச் செய்த ஒரு டிரெய்லரைப் பற்றிப் பேசப் போகிறேன். மெக்கானிக்கல் மாணவர்களுக்குப் பிடிக்கும். மற்ற துறைக்காரர்கள் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும்!

முதலில், டிரெய்லர் எதற்கு? அந்த மாநிலத்தின் வடக்கே கிம்பர்லி என்று ஒரு பகுதி. அதன் குறுக்கே போகிறது கிப் ரிவர் ரோடு. டெர்பியிலிருந்து குனுனூரா பக்கம் வரை சுமார் 660 கி.மீ. மாட்டுப் பண்ணைகளிலிருந்து துறைமுகத்துக்கு மாடு கொண்டுபோகப் போட்ட பாதை. கொஞ்ச தூரம் தார் இருக்கிறது. மீதியெல்லாம் சரளை மண். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். தண்ணீர், சாப்பாடு, கூடாரம், டீசல் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். வழியில் ஏதாவது உடைந்தால் பக்கத்துத் தெருவில் பட்டறை கிடையாது. அந்த ஒரு வரிதான் என் டிசைனுக்கு ஆதாரம்.

அந்த ரோட்டின் பெரிய எதிரி பள்ளம் இல்லை, அலை. மண் ரோட்டில் குறுக்கே வரி வரியாக, சலவைப் பலகை மாதிரி மேடும் பள்ளமும் வருமே, அதுதான். நம்ம ஊர் குவாரி ரோடுகளிலும் பார்க்கலாம். 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மணல் பரப்பிய சுழல் மேடையில் சக்கரத்தை ஓட விட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தானாக அலை உண்டாகிறது. சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் உண்டாகிறது. ஆக, வண்டி ஓடுகிற மண் ரோட்டில் இதைத் தவிர்க்க முடியாது. தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. அலைக்கும் அலைக்கும் முக்கால் மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 30 அடி. 100 கி.மீ. போனால் ஒவ்வொரு சக்கரமும் 1,33,000 தடவை அடி வாங்குகிறது. ஒரே அடியில் எதுவும் உடையாது. ஆனால் லட்சக்கணக்கில் வாங்கினால் இரும்பும் களைத்துப் போகும். "ஃபட்டீக்" என்று வகுப்பில் படித்தோமே, அதுதான் இது.

இப்போது சஸ்பென்ஷனுக்கு வருகிறேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, முழு அச்சும் கமான் பட்டையும். கமான் பட்டை ஒன்றும் மட்டமில்லை. விலை குறைவு, உடைந்தாலும் கட்டி ஓட்டலாம். ஆனால் சின்னச் சின்ன அதிர்வுக்குப் பட்டைகளுக்கு இடையிலான உராய்வினாலேயே அது அசையாமல் இறுகி நிற்கும். அடி நேரே சட்டத்துக்குப் போகும். இன்னொன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி டிரெய்லிங் ஆர்ம், காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். நடுவில் அச்சு இல்லாததால் கல்லில் இடிக்காது. ஒரு சக்கரம் வாங்கும் அடி மற்றதைத் தொடாது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

தம்பிகளா, இனி வருவது உங்கள் டைனமிக்ஸ் பாடம். பாரம் ஏற்றிய டிரெய்லர் 1,200 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 120 கிலோ, கொக்கியில். மீதி 1,080 சக்கரங்களில். சக்கரம், ஹப், ஆர்ம் எடை 120 கழித்தால் ஸ்பிரிங் மேலே உட்காருவது 960. பக்கத்துக்கு 480 கிலோ. எனக்கு வேண்டிய அதிர்வு எண் 1.6 ஹெர்ட்ஸ். அதற்கு ஸ்பிரிங், பாரத்தில் 97 மி.மீ. அமுங்க வேண்டும். அப்படியானால் சக்கரத்தில் மில்லிமீட்டருக்குச் சுமார் 48 நியூட்டன். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் இல்லை, ஆர்மின் நடுவில். கீல் முனையிலிருந்து சக்கரம் 500 மி.மீ., ஸ்பிரிங் 350. விகிதம் 0.7. இங்கே 0.7-ஆல் வகுத்தால் போதாது. அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். கை நீளம் குறைவதால் விசை கூடுகிறது, நகர்வும் குறைகிறது. இரண்டும் சேர்ந்துதான் வர்க்கம். ஆக மில்லிமீட்டருக்குச் சுமார் 99 நியூட்டன் ஸ்பிரிங். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. அங்கே முழு டிரெய்லரே அதை நம்பி நின்றது.

இன்னொன்று. இதே டிரெய்லர் காலியாகப் போனால் அதிர்வு எண் 2.5 ஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும். அதனால்தான் காலி டிரெய்லர் எங்கேயும் தூக்கித் தூக்கிப் போடுகிறது.

வெல்டிங்கை நான் செய்யவில்லை. சான்றிதழ் பெற்ற ஒரு வயதான வெல்டர் செய்து கொடுத்தார். இழுசட்டத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறுக்கே வெல்டு போட மாட்டேன் என்றார். பக்கவாட்டில் நடு உயரத்தில்தான் போட்டார். முட்டுத் தகடுகளின் கூர்முனையையும் சீவி எடுத்தார். "விரிசல் அங்கேதான் குடி வரும்" என்பது அவர் பேச்சு. நம் புத்தகமும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. வளைவின் இழுவிசை அதிகமுள்ள இடத்தில் வெல்டு வேண்டாம். மூலையில் அழுத்தம் குவியும். கடினமான, உசத்தி இரும்பு வாங்கினால் இது தீராது. வெல்டு போட்ட இடத்தின் களைப்புத் தாங்கும் சக்தி, இரும்பின் பலத்தோடு சேர்ந்து பெரிதாக ஏறுவதில்லை.

பாரம் ஏற்றுவதற்கு வருவோம். இதை நான் கல்லூரியில் கற்கவில்லை. நம்ம மாட்டு வண்டிக்காரர்களிடம் கற்றது. முன்பாரமானால் மாட்டின் கழுத்து அமுங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் பின்பாரத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார். டிரெய்லரும் அப்படியே. பின்பாரம் ஏறினால் கொக்கியில் எடை குறைந்து, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் தானாக வளரும்; இழுக்கிற காரையே புரட்டிவிடும். அதனால் தண்ணீர்த் தொட்டியைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தாழ வைத்தேன். தண்ணீர் தீரத் தீர எடை மாறும் என்பதையும் கணக்கில் சேர்த்தேன்.

அங்கே வீட்டில் செய்த டிரெய்லருக்கும் பரிசோதனை, பதிவு எல்லாம் உண்டு. சக்கரத்தில் ஏறும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். எனக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை. ரோட்டில் எதிரே வருபவர் என் கணக்கைப் படித்துப் பார்த்துவிட்டா வருகிறார்?

2022 ஜூலையில் கிளம்பினோம். டயர் காற்றைக் குறைத்துக்கொண்டோம். டயர்தானே முதல் ஸ்பிரிங். காரின் ரிம்மும் டிரெய்லர் ரிம்மும் ஒன்றே என்பதால் ஸ்டெப்னி எதற்கும் மாட்டலாம். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று ஹப்பையும் ஷாக்கையும் கையால் தொட்டுப் பார்ப்போம். பென்டகாஸ்ட் ஆற்றில் பாலம் இல்லை, தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும், முதலையும் உண்டு. இறங்கும் முன் அரை மணி நேரம் காத்திருந்தோம். சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்தால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பேரிங் போய்விடும்.

வழியில் ஓரமாக வேறொருவரின் டிரெய்லர் சாய்ந்து கிடந்தது. வயதான தம்பதி, உதவிக்காக முந்தின நாளிலிருந்து காத்திருந்தார்கள். எங்கள் தண்ணீரில் பாதியைக் கொடுத்தோம். சக்கரத்தின் அச்சு முனை பேரிங்குக்குச் சற்று உள்ளே உடைந்திருந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழவென்று, கடற்கரையில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவு வளைவாக, மறுபக்கம் சொரசொரப்பாக. புத்தகத்தில் இருந்த அதே படம்! அந்த விரிசல் பல மாதமாக வளர்ந்திருக்கும். கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்களுக்கு இரண்டு போல்ட் இறுக்கியதோடு பயணம் முடிந்தது.

நண்பர்களே, இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறேன்? நம் ஊரில் டிராக்டர் டிரெய்லர் இல்லாத கிராமம் இல்லை. பலவற்றில் பிரேக் கிடையாது, பின்விளக்கு கிடையாது, சஸ்பென்ஷனும் கிடையாது. கரும்பு ஏற்றிய டிரெய்லர் இருட்டில் ரோட்டோரம் நிற்கும். மோதின பிறகுதான் தெரியும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் அதிலேயே ஆட்களை ஏற்றுகிறார்கள். இது ஆராய்ச்சிக் கூடத்துக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை. நாம் படித்ததே போதும்.

இறுதியாண்டு மாணவர்களே, கடையில் ரெடிமேடாகப் புராஜெக்ட் வாங்காதீர்கள். பக்கத்துக் கிராமத்துக்குப் போய் ஒரு டிரெய்லரை அளந்து பாருங்கள். கொக்கியில் எத்தனை கிலோ, அச்சில் எங்கே விரிசல், பிரேக் வைக்க என்ன செலவு, ஒளிரும் பட்டை எங்கே ஒட்டணும் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். பட்டறைக்காரரிடம் கேளுங்கள், அவருக்கு நிறையத் தெரியும், நீங்கள் எண் மட்டும் போட்டுக் கொடுங்கள்.

என் வரைபடங்களையும் கணக்குத் தாள்களையும் துறையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பட்டறை, லேத் வைத்திருக்கும் பழைய மாணவர்கள் பலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு குழுவுக்கு உங்கள் ஷெட்டில் ஒரு மூலை கொடுங்கள். இரும்புக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.