அம்மாவின் வலியும் அறிதுயிலும்

(சந்தாபுரா மாலை வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)

 

இன்று புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். பேசுவோம்.

போன வாரம் நம் வகுப்பில் ஓர் அக்கா நின்றுகொண்டே எழுதினார். நோட்டைச் சுவரில் வைத்து எழுதினார். "உட்காரலாமே அக்கா" என்றேன். "இடுப்பு வலிம்மா. உட்கார்ந்தால் எழ முடியாது" என்றார். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒன்றும் இல்லையாம். எல்லாம் மனசுதான்." சிலர் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்பு மட்டும் படித்தவள். ஆனால் இந்த வலியை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அம்மா கார்மெண்ட்ஸ் தொழிலாளி. பதினான்கு வருடம் தையல் மெஷினில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். முதலில் கழுத்து வலித்தது. பிறகு தோள், இடுப்பு என்று பரவியது. எக்ஸ்ரே எடுத்தோம். ஸ்கேன் எடுத்தோம். பெரிய கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. அம்மா தினமும் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன்: "அம்மா, நிஜமாகவே வலிக்கிறதா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அன்று இரவு எல்லாப் பாத்திரத்தையும் அவரே தேய்த்தார். என்னைத் தொடவிடவில்லை. அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சரி, வலி எங்கே இருக்கிறது?

காலில் முள் குத்துகிறது. அந்தச் சேதி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகிறது. மூளை அந்தச் சேதியைப் படிக்கிறது. பிறகுதான் "ஐயோ" என்கிறோம். ஆகவே, எந்த வலியாக இருந்தாலும் அதில் மூளைக்கும் மனதுக்கும் பங்கு உண்டு. அதனால் வலி பொய் ஆகிவிடாது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். சிலருக்கு உள்ளே நோய் இருக்கும். சிலருக்குக் காயம் ஆறியிருக்கும். ஆனாலும் நரம்பும் மூளையும் அபாயச் சேதியை நிறுத்துவதில்லை. தீ அணைந்த பிறகும் கம்பெனியில் சங்கு ஊதிக்கொண்டே இருப்பது போல. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். சங்குச் சத்தம் தெரியாது. பயமும், தூக்கம் இல்லாததும், கவலையும் அந்தச் சத்தத்தை இன்னும் கூட்டும்.

அப்படியானால் குறைக்கவும் வழி இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது ஒன்று செய்வோம். எல்லோரும் கண்ணை மூடுங்கள். கையில் ஒரு புளியங்காய் இருக்கிறது. பச்சைக் காய். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது நறுக்கென்று கடியுங்கள்.

கண்ணைத் திறங்கள். வாயில் எச்சில் ஊறியதா? புளியங்காய் எங்கே? இல்லை. நான் சொன்னது வெறும் சொல். ஆனால் உடம்பு அந்தச் சொல்லைக் கேட்டு வேலை செய்தது.

இந்தச் சக்தியை வைத்துத்தான் ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹிப்னோதெரபி என்பார்கள். தமிழில் அறிதுயில் சிகிச்சை. அறி, துயில். சேர்த்துப் படியுங்கள்: அறிதுயில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் தூங்குவது போல இருக்கும். ஆனால் எல்லாம் அறிந்துகொண்டு இருக்கிறார் என்பார்கள். அதுதான் அறிதுயில். இந்தச் சிகிச்சையிலும் யாரும் நினைவு இழப்பதில்லை. மனம் ஒரே இடத்தில் ஆழ்ந்து நிற்கும். காது கேட்கும். வேண்டாம் என்றால் எழுந்து வரலாம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை உண்டு. நடந்த கதை.

1845-ஆம் வருடம். வங்காளத்தில் ஹூக்ளி என்ற ஊர். அங்கே ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இருந்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஆபரேஷன் என்றால் நோயாளியை நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அலற அலற அறுப்பார்கள். எஸ்டெய்ல் வேறு வழி செய்து பார்த்தார். நோயாளியை இருட்டான அறையில் படுக்க வைத்தார். உதவியாளர்கள் உடம்பின் மேல் மெதுவாகக் கையை ஓட்டினார்கள். சில சமயம் மணிக் கணக்கில் இப்படிச் செய்தார்கள். நோயாளி ஆழ்ந்த நிலைக்குப் போன பிறகு ஆபரேஷன் செய்தார். முதலில் இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒரு சிறைக் கைதி. எட்டு மாதத்தில் 73 ஆபரேஷன்களை வலி இல்லாமல் செய்ததாக எஸ்டெய்ல் கணக்கு எழுதினார். 1846-இல் அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. பிறகு கல்கத்தாவில் இதற்காகவே ஒரு சிறிய மருத்துவமனையை அவருக்குக் கொடுத்தது.

அதே 1846-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் என்ற மயக்க மருந்தை ஆபரேஷனுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். அடுத்த வருடம் குளோரோபாரம் வந்தது. மருந்து சில நிமிடத்தில் வேலை செய்தது. எல்லோருக்கும் வேலை செய்தது. எஸ்டெய்லின் முறை எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்கவில்லை. அதனால் அது பின்னுக்குப் போனது. அதுவே சரி. இன்று ஆபரேஷன் என்றால் மயக்க மருந்துதான் வேண்டும்.

இந்தக் கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கைதியையும் ஏழையையும் அன்று யார் சம்மதம் கேட்டிருப்பார்கள்? இன்று அப்படி இல்லை. என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். நாம் சரி என்ற பிறகுதான் செய்ய வேண்டும்.

ஆபரேஷனில் இதன் வேலை குறைந்தது. நாள்பட்ட வலியில் இதன் வேலை திரும்பி வந்தது. 1996-இல் அமெரிக்காவில் ஒரு வல்லுநர் குழு, புற்றுநோய் வலியைக் குறைக்க இது உதவுகிறது என்று சொன்னது. 1997-இல் கனடா நாட்டில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. அதில் சிலரின் கையைச் சுடுகிற தண்ணீரில் வைத்தார்கள். அறிதுயிலில் இருக்கும்போது, "இந்தச் சூடு உங்களைத் தொந்தரவு செய்யவில்லை" என்று சொன்னார்கள். தண்ணீரின் சூடு குறையவில்லை. ஆனால் அவர்கள் பட்ட வேதனை குறைந்தது. மூளையைப் படம் எடுத்தார்கள். வேதனையோடு சேர்ந்த ஒரு பகுதியின் வேலை மாறியது படத்தில் தெரிந்தது.

ஆகவே வலி வேறு, வேதனை வேறு. வலி முழுதும் போகாவிட்டாலும் வேதனையைக் குறைக்கலாம்.

இனி எங்கள் அம்மா கதைக்கு வருகிறேன்.

முதலில் நாங்கள் ஏமாந்தோம். ஒரு நோட்டீஸ் கிடைத்தது. "மனோவசியத்தால் எந்த வலியும் ஒரே நாளில் தீரும்" என்று இருந்தது. நாலாயிரம் ரூபாய் கொடுத்தோம். அந்த ஆள் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்கு பிபி மாத்திரையும் உண்டு! திரும்பி வரும் பஸ்ஸிலேயே வலி வந்துவிட்டது. மூன்றாம் நாள் தலைசுற்றல் வந்தது. அந்த நோட்டீஸை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். எழுத்தைப் படித்தேன். யோசித்துப் படிக்கவில்லை.

பிறகு ஒழுங்காக ஒரு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் பரிசோதித்தார். பிபி மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். வலி மாத்திரையைக் கண்டபடி போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும் என்று சொன்னார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு மன நல வல்லுநரிடம் அனுப்பினார்கள்.

அந்த அம்மையார் முதலில் ஒரு வார்த்தை சொன்னார்: "உங்கள் வலி உண்மை. நான் நம்புகிறேன்." எங்கள் அம்மா அழுதுவிட்டார்.

நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். அம்மாவைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். இருபதில் இருந்து கீழே எண்ணினார். பிடித்த இடம் ஒன்றை மனதில் பார்க்கச் சொன்னார். அம்மா தன் ஊர்க் கிணற்றடிக்குப் போனார். "குளிர்ந்த தண்ணீர் கழுத்தில் இறங்குகிறது. தோள் இளகுகிறது. வலி இருக்கலாம். அது கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்" என்று அந்த அம்மையார் சொன்னார். மந்திரம் இல்லை. தாயத்து இல்லை. கடைசியில் ஒன்றில் இருந்து ஐந்து வரை எண்ணினார். அம்மா கண் திறந்தார். "எல்லாம் காதில் விழுந்ததும்மா" என்றார்.

ஆறு தடவை போனோம். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் அம்மாவே செய்ய வேண்டும். அதுதான் முக்கியம். மற்றவர் நம்மை வசியம் செய்வது அல்ல இது. நாமே கற்றுக்கொள்ளும் வித்தை. எழுத்துக் கற்பது போலத்தான். முதல் நாளே கடிதம் எழுத முடியுமா?

அம்மாவின் வலி போய்விட்டதா? இல்லை. ஆனால் இரவில் தூங்குகிறார். மாத்திரை குறைந்தது. அம்மா சொல்வார்: "முன்னே வலி வீட்டுக்காரன் மாதிரி அதிகாரம் பண்ணிச்சு. இப்போ வாடகைக்கு இருக்குது. நான் சொன்னால் கொஞ்சம் ஒதுங்குது."

எல்லோருக்கும் இவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்ல பலன். சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு இல்லை.

கடைசியாகச் சில விஷயங்களை நினைவில் வையுங்கள்.

வலி என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். ஆனேக்கல் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். இடுப்பு வலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலும் மெலிவும் இருந்தாலோ, காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வலி வந்தால் உடனே ஓடுங்கள். அறிதுயில் மருந்துக்குப் பதில் அல்ல, மருந்துக்குத் துணை.

காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று துன்பப்படுகிறவர்களுக்கு இது வேண்டாம். அவர்கள் மன நல டாக்டரைப் பார்க்க வேண்டும். நம் ஓசூர் ரோட்டிலேயே நகரத்துக்குள் போனால் நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. வலியால் மனம் உடைந்து போனால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு உதவி. 2022-இல் தொடங்கியது. காசு இல்லை. தமிழிலும் பேசலாம்.

சிகிச்சை தருபவரிடம் கேளுங்கள்: "என்ன படித்தீர்கள்? பதிவு உண்டா? எத்தனை தடவை வர வேண்டும்? எவ்வளவு செலவு?" கேட்பது தப்பு இல்லை. பெண்கள் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லலாம். "ஒரே நாளில் தீரும்" என்றாலோ, "மாத்திரையை நிறுத்து" என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். மந்திர மாயத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்திருக்கிறது. இனி நோட்டீஸ் கையில் கிடைத்தால் நீங்களே படியுங்கள். யோசித்துப் படியுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது "வலிக்கிறது" என்றால், நான் கேட்ட கேள்வியைக் கேட்காதீர்கள். "எங்கே வலிக்கிறது? நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

போன வாரம் நின்றுகொண்டே எழுதிய அக்கா இன்றும் வந்திருக்கிறார். அக்கா, இந்தச் சனிக்கிழமை நான் உங்களோடு மருத்துவமனைக்கு வருகிறேன். சீட்டில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.