மேல்முறையீடு போட்டால் மட்டும் அமீனா திரும்பிப் போகமாட்டார்



நிலம் பற்றிய கூட்டங்களில் பட்டாவைப் பற்றிப் பேசுகிறோம், பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம், 1892ஆம் ஆண்டு அரசாணையைப் பற்றிப் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன விஷயம். சிவில் வழக்கில் தீர்ப்பு வரும் நாளுக்கும், மேல் நீதிமன்றத்தின் தடையாணை கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் கிடக்கும் சில நாள்கள். நிலவழக்கு ஆவணங்களைப் படிக்கும் ஆய்வு மாணவன் நான், வழக்கறிஞர் அல்ல. ஆனால் இந்தச் சில நாள்களைப் புரிந்துகொள்ள சட்டப் பட்டம் தேவையில்லை.

காலனியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒரு குடும்பம். மனை தன்னுடையது என்று ஊர்க்காரர் ஒருவர் முன்சீப் கோர்ட்டில் போட்ட வழக்கு அவர் பக்கம் முடிகிறது. “அப்பீல் போட்டிருக்கிறோம், இனி யாரும் கை வைக்க முடியாது” என்று குடும்பத்தார் நம்புகிறார்கள். நம் தோழர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சட்டம் நேர் எதிராகச் சொல்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 41, விதி 5: மேல்முறையீடு செய்தது மட்டுமே தீர்ப்பை நிறுத்தாது. நிறுத்தச் சொல்லித் தனியாக மனுப் போட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் நிற்கும்.

சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுகிறோம். நகல் கிடைக்க எடுக்கும் நாள்கள் மேல்முறையீட்டுக்கான 30 நாளில் சேராது. உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள், அதிலும் சேராது. நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்தக் கடிகாரம் நின்றாலும் எதிர்த்தரப்பின் கடிகாரம் நிற்பதில்லை. தீர்ப்பிலேயே காலி செய்ய அவகாசம் தரப்படாவிட்டால் அவர் மறுநாளே நிறைவேற்று மனு போடலாம். நாம் நகல் பிரிவின் ஜன்னலில் நிற்கும்போது அமீனா போலீசுடன் வாசலுக்கு வந்துவிடலாம்.

பிறகு மேல்முறையீட்டில் ஜெயித்தால்? இழந்ததைத் திருப்பித் தர வைக்க 144ஆவது பிரிவு இருக்கிறது. மனை திரும்பும். இடித்த சுவர் திரும்பாது, அந்த வருடப் படிப்பை விட்ட பிள்ளைக்கு அந்த வருடமும் திரும்பாது.

தடை கேட்பவர் மூன்றைக் காட்ட வேண்டும். தடை இல்லாவிட்டால் பெரிய இழப்பு வரும் என்பது. தாமதிக்காமல் வந்தோம் என்பது. மூன்றாவது, தீர்ப்பை நிறைவேற்றுவதற்கான பிணையம். முதல் இரண்டும் குடிசையில் இருப்பவருக்கும் பங்களாவில் இருப்பவருக்கும் ஒன்றுதான். மூன்றாவது ஒன்றல்ல. பறிபோகப் போகும் வீட்டைத் தவிர வேறு சொத்தே இல்லாதவரிடம் பிணையம் கேட்கும் விதியை நடுநிலையான விதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேகமும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் லஞ்ச் மோஷன் என்ற வழக்கம் உண்டு. காலையில் நீதிபதியிடம் அவசரத்தைச் சொல்லி அனுமதி பெற்றால் அன்று பிற்பகலே மனு விசாரணைக்கு வரும். நல்ல வசதி. காலை பத்தரைக்கு அந்த அறையில் எழுந்து பேச ஒரு வழக்கறிஞர் வேண்டும். முதல் நாள் இரவு அவருடைய செல்போன் எண் நம்மிடம் இருக்க வேண்டும். அந்த எண் யாருடைய சொந்தபந்தத்தில் இருக்கிறது என்பதில்தான் சாதி வேலை செய்கிறது. சட்டப் புத்தகத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

தடை கிடைத்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 20 அன்று டெல்லி ஜஹாங்கீர்புரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அது சிவில் மேல்முறையீடு அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். இடிப்பை நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் காலையிலேயே உத்தரவிட்டது. உத்தரவு கைக்கு வரவில்லை என்று சொல்லி புல்டோசர்கள் மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடின. பிருந்தா காரத் உத்தரவோடு போய் எதிரே நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

சிவில் வழக்கில் இதற்கு ஒரு வழி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே இருக்கிறது. தடையாணை, கீழ் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் செல்லும். ஆனால் மேல்முறையீடு செய்தவர், தடை வழங்கப்பட்டது தனக்கு நேரடியாகத் தெரியும் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், உத்தரவு வந்து சேரும்வரை கீழ் நீதிமன்றம் அதை ஏற்று நடக்க வேண்டும். எனவே விசாரணை நாளில் வழக்காடும் குடும்பத்திலிருந்தே ஒருவர் நீதிமன்றத்தில் இருக்கட்டும். வழக்கறிஞர் போனில் சொன்னதாகக் கேள்விப்பட்டவரால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாது.

இன்னொன்று. விதி 5இன் இரண்டாம் பகுதியின்படி, மேல்முறையீட்டுக் கெடு முடிவதற்குள் தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்திடமே தடை கேட்கலாம். தோற்ற நீதிபதியிடமே போய் நிற்பதா என்று நம்மவர்கள் கூசுகிறார்கள். கூச வேண்டியதில்லை, அன்று மாலையே வாய்விட்டுக் கேளுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண்ணைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே தடையாணை நமக்கு எதிராகவும் வரும். நாம் ஜெயித்த நிலத்தில், நம்மை விசாரிக்காமலே எதிர்த்தரப்பு தடை வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். தடைகள் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. அந்த மாற்றம் சரி என்றே நினைக்கிறேன். நீதிமன்றத்தின் தாமதத்துக்காக ஏழையின் தடை தானாகச் சாகக் கூடாது. ஆனால் ஆதிக்கம் செய்பவரின் தடைக்கும் அதே ஆயுள் கிடைத்துவிட்டது. அதனால் ஜெயித்த நாளிலும் ஒரு வேலை இருக்கிறது. 148ஏ பிரிவின்படி கேவியட் மனு போட்டு வையுங்கள். போட்டால், நமக்கு அறிவிப்புத் தராமல் அவர் தடை வாங்க முடியாது. அது 90 நாள் செல்லும். 91ஆம் நாள் மறுபடி போட வேண்டும்.